பெரிய பாக்கெட் வைத்த கோட்டு

என் அக்கா மகளுக்கு வீட்டில் குடைச்சல் என்றுதான் பெயர். பள்ளிக்கூடத்தில் வேறு பெயர் இருந்தது; அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவளே திரும்பிப் பார்க்க மாட்டாள். பேச ஆரம்பித்த நாளிலிருந்து கேள்விதான். மீன் ஏன் கண்ணை மூடாமல் செத்துப்போகிறது, அப்பாவுக்கு ஏன் விரல் நுனியெல்லாம் வெளுத்திருக்கிறது, ஆஸ்பத்திரி என்று சொல்லும்போது மட்டும் பெரியவர்கள் ஏன் குரலைத் தாழ்த்துகிறார்கள். அவள் அப்பா மீன் பதப்படுத்தும் ஆலையில் குளிர்க் கிடங்கில் வேலை பார்க்கிறவர். என் அக்கா அதே ஆலையில் மீன் அறுக்கும் மேசையில் நிற்கிறவள். வேலை முடிந்து அக்கடா என்று உட்காருகிற மனுஷனை இப்படிக் குடைந்தால் அவர் என்ன செய்வார்? "உன் சித்தியைப் போய்க் கேளு" என்று என் தையல் கடைக்கு விரட்டிவிடுவார். நான் மட்டும் என்னத்தைக் கண்டேன்? பெரியவளாகி டாக்டருக்குப் படித்து நீயே கண்டுபிடி, இப்போது ஆளை விடு என்பேன். தொல்லை தாங்காமல் சொன்னதை அவள் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.

எங்கள் ஆட்களைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். என் அப்பா காலத்தில் ஆலை வேலைக்கென்று இந்த நகரத்துக்கு வந்து தங்கிவிட்டவர்கள் நாங்கள். ஆலைக்குப் பின்னால் இருக்கும் நாலைந்து தெருக்களுக்குள் எங்கள் உலகம் முடிந்துவிடும். எங்களுக்கென்று தனிப் பேச்சு உண்டு. ஊர்ப் பேச்சும் தெரியும், ஆனால் அது கடைக்குப் போகவும் பஸ் ஏறவும்தான் காணும். உடம்புக்கு வந்தால் காணாது. நெஞ்சுக்குள் பிசைகிறது என்பதை ஊர்ப் பேச்சில் எப்படிச் சொல்வது என்று தெரியாமல், நெஞ்சைத் தொட்டுக் காட்டிவிட்டு, கொடுத்த மாத்திரையை வாங்கிக்கொண்டு வருகிறவர்கள்தான் இங்கே அதிகம்.

இத்தனை காலத்தில் எங்களிலிருந்து ஒரே ஒருத்திதான் டாக்டரானாள். இந்த நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் வேலை. அதோடு சேர்ந்த மருத்துவக் கல்லூரியில் பிள்ளைகளுக்குப் பாடமும் சொல்லித்தருகிறாள். டாக்டரம்மா என்றால் எங்கள் தெருக்களில் அவள்தான். அவளும் நானும் ஒரே பள்ளிக்கூடம், ஒரே வகுப்பு. அவள் கார் எப்போதாவது தெருவுக்குள் வந்தால், கையில் இருக்கிற துணியைப் போட்டுவிட்டு வாசலுக்கு ஓடுவேன். அப்போதெல்லாம் 'அவர்' என்றுதான் சொல்வேன். இப்போது வாயில் வரமாட்டேன் என்கிறது.

குடைச்சலுக்கு இரண்டு மருத்துவக் கல்லூரிகளில் இடம் கிடைத்தது. ஒன்று டாக்டரம்மா இருக்கிற பெரிய ஆஸ்பத்திரிக் கல்லூரி. இன்னொன்று ரயிலில் அரை நாள் தூரத்தில், புதிதாகக் கட்டிய சின்னக் கல்லூரி. வீட்டில் வேறு யாருக்கும் விடுப்பு கிடைக்கவில்லை என்று, அதைப் பார்க்க நான்தான் அவளோடு போனேன். பாதிக் கட்டிடத்தில் சாரம்கூடப் பிரிக்கவில்லை. விடுதி அறையில் பெயிண்ட் வாசனையில் தலை வலித்தது. எங்களை உட்காரவைத்துப் பேசிய பேராசிரியர், சிரிப்பு என்றால் என்ன விலை என்று கேட்கிற ஆள். எங்கள் ஆட்கள் யாராவது இங்கே படிக்கிறார்களா என்று குடைச்சல் கேட்டாள்.

"யாரும் இல்லம்மா, நீதான் முதல் ஆள்" என்றார் அவர். "தனியாத்தான் இருக்கும். சும்மா இனிக்க இனிக்கப் பேசி உன்னை இழுக்க எனக்கு இஷ்டமில்ல. ஆனா வகுப்பு ஒழுங்கா நடக்கும். அதுக்கு நான் பொறுப்பு."

எனக்குச் சுருக்கென்றது. அவ்வளவு தூரம் தேடி வந்த பிள்ளையிடம் இப்படியா மூஞ்சியில் அடித்த மாதிரி பேசுவது? ரயிலில் வரும் வழியெல்லாம் அந்த மனுஷனைத் திட்டிக்கொண்டே வந்தேன். குடைச்சல் ஜன்னல் பக்கம் பார்த்தபடி, அந்த சார் எதையும் மறைக்கவில்லை சித்தி என்றாள். அதற்கும் என்னிடம் வாங்கிக் கட்டிக்கொண்டாள்.

நாங்கள் திரும்பிவந்த சில நாட்களில் டாக்டரம்மா என் அக்கா வீட்டுக்கே வந்துவிட்டாள். யாரும் கூப்பிடவில்லை. விஷயம் கேள்விப்பட்டுத் தானாக வந்தாள். எங்களுக்குத் தலைகால் புரியவில்லை. அக்கா, வீட்டில் இருந்த ஒரே நல்ல நாற்காலியைத் துடைத்துத் துடைத்துப் போட, டாக்டரம்மா அதில் உட்காராமல் கட்டிலில் குடைச்சல் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். எங்கள் பேச்சிலேயே பேசினாள். ஒரு வார்த்தை பிசகவில்லை. எங்கள் அம்மாக்கள் திட்டுகிற திட்டைக்கூட ஒன்று சொல்லி எல்லாரையும் சிரிக்கவைத்தாள். குடைச்சல் 'மேடம்' என்று ஆரம்பித்ததும் டாக்டரம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"என்ன மேடம்? அக்கான்னு கூப்பிடு. அவ்வளவு தூரத்துல யாருமில்லாத இடத்துல போய் எதுக்குக் கஷ்டப்படணும்? இங்க நான் இருக்கேன். உன்னைத் தனியா விட்டுடுவேனா?"

குடைச்சல் குடைச்சலாயிற்றே. உங்களுக்கப்புறம் நம் ஆட்கள் இரண்டு பேர் அங்கே சேர்ந்தார்களே, ஏன் ஒருவரும் முடிக்கவில்லை என்று கேட்டுவிட்டாள். என் அக்கா அவள் தொடையில் நறுக்கென்று கிள்ளியதை நான் பார்த்தேன். டாக்டரம்மா டீ டம்ளரைக் கீழே வைத்தாள். ஒருத்தனுக்கு வீட்டில் பிரச்சினை, இன்னொருத்திக்குப் படிப்பில் மனசு போகவில்லை, உன்னைப் பார்த்தால் அப்படித் தெரியவில்லை என்றாள். அதற்குமேல் யார் என்ன கேட்பது? அவள் கிளம்புவதற்குள் முடிவாகிவிட்டது.

வாசலில் செருப்பு மாட்டும்போது என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். வெள்ளைக் கோட்டு நீங்கள்தானே தைப்பீர்கள் என்று கேட்டுவிட்டு, "பாக்கெட் கொஞ்சம் பெருசா வைங்க. அங்க அவளுக்குத் தேவைப்படும்" என்றாள். இவ்வளவு பெரிய டாக்டர் ஒரு பாக்கெட்டைக்கூட யோசிக்கிறாரே என்று உருகிப்போனேன். வலது பக்கம் என் கை முழுசாக உள்ளே போகிற அளவுக்குப் பாக்கெட் வைத்து, வாய்க்கு இரட்டைத் தையல் போட்டுக் கொடுத்தேன்.

கல்லூரியில் சேர்ந்த முதல் வாரத்திலேயே அந்தப் பாக்கெட்டுக்கு வேலை வந்துவிட்டது. ஆஸ்பத்திரி அலுவலகத்தில் கூப்பிட்டு அவள் கையில் ஒரு போனைக் கொடுத்தார்கள். கனமான கறுப்புப் போன், ஆஸ்பத்திரிக்குள் மட்டும் பேசலாம். எப்போதும் கூடவே வைத்துக்கொள் என்றார்கள். எங்கள் ஆட்கள் யாராவது சிகிச்சைக்கு வந்து பேச்சுப் புரியாவிட்டால் அது அடிக்கும். இவள் ஓடிப்போய் நோயாளி சொல்வதை டாக்டருக்கும், டாக்டர் சொல்வதை நோயாளிக்கும் மாற்றிச் சொல்ல வேண்டும். எல்லா மொழிக்காரர்களுக்கும் இங்கே உதவி உண்டு என்று அந்த ஆஸ்பத்திரி வாசலில் பளபளவென்று ஒரு பலகை வைத்திருக்கிறார்கள். எங்கள் பேச்சுக்கு அந்த உதவி, குடைச்சல் ஒருத்திதான்.

முதலில் அவளுக்குப் பெருமையாகத்தான் இருந்தது. இத்தனை வருஷம் நெஞ்சைத் தொட்டுக் காட்டிவிட்டு வந்தவர்களுக்கு இப்போது வாய் கிடைத்ததே என்று எங்களுக்கும் பூரிப்பு. எங்கள் ஆட்களையும் சும்மா விடக்கூடாது. கட்டுப் பிரிக்கப் போனாலும் நம்ம பொண்ணைக் கூப்பிடுங்கள் என்று அதிகாரமாகக் கேட்பார்கள். போன் அடித்துக்கொண்டே இருந்தது. உடலை அறுத்துப் படிக்கிற கூடத்தில் அவள் குழு நரம்பைத் தேடிக்கொண்டிருக்கும்போது அடிக்கும். கையுறையைக் கழற்றிவிட்டு ஓடுவாள். திரும்பி வரும்போது நரம்பையும் கண்டுபிடித்திருப்பார்கள், பாடத்தையும் முடித்திருப்பார்கள். வகுப்பிலிருந்து போன நேரம் வராத நேரமாகவே கணக்காயிற்று. போகாவிட்டால் செவிலியர் திட்டுவார்கள். போனால் பேராசிரியர்கள் முறைப்பார்கள். படிக்கிற பிள்ளைக்கு இதுவும் ஒரு பயிற்சிதானே என்று அலுவலகத்தில் பல்லைக் காட்டுவார்கள்.

அவள் டாக்டரம்மாவிடம் போய்ச் சொல்லிப் பார்த்தாள். பொறுத்துக்கொள், முதல் வருஷம் அப்படித்தான் இருக்கும் என்று தோளைத் தட்டி அனுப்பினாள் அந்த மகராசி. முதல் வருஷத்தை எப்படியோ தட்டுத் தடுமாறித் தாண்டினாள். என் கடைக்கு வந்தால் முன்னைப்போல எதையும் கேட்பதில்லை. நாள் முழுக்க அடுத்தவர் கேள்வியையும் அடுத்தவர் பதிலையுமே சொல்லிக்கொண்டிருந்தவளுக்குத் தன் கேள்விக்கு எங்கே தெம்பிருக்கும்? துணி வெட்டுகிற மேசையில் தலையைச் சாய்த்துத் தூங்கிவிடுவாள். அப்போதும் பாக்கெட்டில் கை இருக்கும்.

இரண்டாம் வருஷ முடிவில் ஒரு வாய்மொழித் தேர்வு இருந்தது. வருகை குறைந்துபோன அவளுக்கு அதுதான் கடைசி வாய்ப்பு. அதில் தேறினால் மேலே போகலாம். உட்காராவிட்டால் இரண்டாம் வருஷத்தை முழுசாகத் திரும்பப் படிக்க வேண்டும். அன்று காலையில் அவள் என் கடைக்கு வந்து கோட்டைத் தேய்த்து வாங்கிக்கொண்டு போனாள். சாயங்காலம் அதே கோட்டோடு திரும்பி வந்து, என்ன நடந்தது என்று நின்றபடியே சொன்னாள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

தேர்வு அறை வாசலில் தன் முறைக்குக் காத்திருந்தபோது போன் அடித்திருக்கிறது. தேர்வு இருக்கிறது என்று இவள் சொல்ல, உங்கள் ஆள் வலியில் துடிக்கிறாள், டாக்டர் பக்கத்திலேயே நின்றுகொண்டு காத்திருக்கிறார், கொஞ்ச நேரம்தான் என்றாளாம் செவிலி. தனக்கு முன்னால் இன்னும் ஆட்கள் இருக்கிறார்கள், போய்விட்டு வந்துவிடலாம் என்று இவள் ஓடியிருக்கிறாள். வார்டில் ஒரு கட்டிலில் மீன் ஆலைக்காரப் பெண் ஒருத்தி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு கிடந்தாள். கட்டிலைச் சுற்றி மாணவர்கள். தலைமாட்டில் நின்ற டாக்டர் வேறு யாருமில்லை, டாக்டரம்மா.

இவளுக்கு மூச்சு வந்ததாம். அக்கா இருக்கிறாரே, அப்புறம் நான் எதற்கு என்று நினைத்துக்கொண்டு, எங்கள் பேச்சில் "அக்கா, எனக்கு இப்ப பரீட்சை" என்று சொல்லியிருக்கிறாள். டாக்டரம்மா அது காதிலேயே விழாதவள்போல, ஊர்ப் பேச்சில், வலி எப்போது ஆரம்பித்தது என்று நோயாளியைக் கேட்கச் சொன்னாள். இவள் விழித்தாள். கட்டிலில் கிடந்தவள் அவ்வளவு வலியிலும் தலையைத் தூக்கி, எங்கள் பேச்சில் இவளிடம் கேட்டாள்:

"இந்தம்மா நம்ம தெருவுக்கு வர்றவங்கதானே? நான் பேசுறது இவங்களுக்குப் புரியாதா?"

"என்ன சொல்றாங்க?" என்றாள் டாக்டரம்மா, ஊர்ப் பேச்சில்.

சுற்றி நின்ற மாணவர்கள் எல்லாரும் இவளைப் பார்த்தார்கள். இவள் அதையும் ஊர்ப் பேச்சில் மாற்றிச் சொன்னாளாம். நீங்களும் நம்ம ஆள்தானே, புரியாதா என்று கேட்கிறார்கள் மேடம். அக்கா போய் மேடம் வந்துவிட்டது. டாக்டரம்மாவின் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

"வலி எப்போ ஆரம்பிச்சதுன்னு கேளு" என்றாள் மறுபடியும்.

இவள் கேட்டாள். எல்லாவற்றையும் கடைசிவரை மாற்றி மாற்றிச் சொன்னாள், ஏனென்றால் கட்டிலில் கிடந்தவள் உண்மையாகவே துடித்துக்கொண்டிருந்தாள். திரும்பி ஓடியபோது தேர்வு அறையைப் பூட்டிக்கொண்டிருந்தார்கள்.

மறுநாள் நான் கடையைச் சாத்திவிட்டு அவளை இழுத்துக்கொண்டு டாக்டரம்மாவின் அறைக்குப் போனேன். என் வாய் அவளுக்குப் பள்ளிக்கூட நாளிலிருந்தே தெரியும். எழுந்துபோய்க் கதவைச் சாத்தினாள். சாத்தியபின் எங்கள் பேச்சு வந்துவிட்டது. நான் கத்த வேண்டியதையெல்லாம் கத்தி முடிக்கும்வரை கேட்டாள். பிறகு என்னைப் பார்க்காமல் குடைச்சலைப் பார்த்துப் பேசினாள்.

"அந்தப் போன் முதல்ல என் பாக்கெட்லதான் இருந்தது. டாக்டரான பிறகும் இருந்தது. ஆபரேஷன் நடுவுல வெளியே கூப்பிடுவாங்க. ஒரே ஒரு தடவை நான் வார்டுல நம்ம பேச்சைப் பேசினாப் போதும், திரும்ப என் கையில கொண்டுவந்து வெச்சிடுவாங்க. அதுக்கு யாராவது ஒருத்தர் இருந்தாத்தான் என்னை விடுவாங்க. இடையில வந்த ரெண்டு பேரும் தாங்கல. நீ தாங்குவேன்னு நினைச்சேன்."

கட்டிலில் பக்கத்தில் உட்கார்ந்தது, கையைப் பிடித்தது, அம்மாக்கள் திட்டுகிற திட்டைச் சொல்லிச் சிரிக்கவைத்தது, எல்லாம் இதற்குத்தானா? நம்பவைத்துக் கழுத்தறுப்பது என்று கேட்டிருக்கிறேன். அறுத்த கையால் டீயும் குடித்துவிட்டுப் போயிருக்கிறாள் என்பது அன்றுதான் எனக்கு உறைத்தது.

அவள் நிறுத்தவில்லை. உனக்கும் ஒரு வழி இருக்கிறது என்றாள். எங்கள் தெருவிலேயே சுருட்டை என்கிற பெண்ணுக்கு இந்த வருஷம் இங்கேயும் அந்தச் சின்னக் கல்லூரியிலும் இடம் கிடைத்திருக்கிறது, அவள் அம்மா எதில் சேர்ப்பது என்று தயங்குகிறாள். குடைச்சல் போய் இரண்டு நல்ல வார்த்தை சொன்னால் போதும். சுருட்டை வந்துவிட்டால் போன் அவள் கைக்குப் போய்விடும். விட்டுப்போன தேர்வுக்கு இன்னொரு நாள் வாங்கித்தருவது தன் பொறுப்பு.

குடைச்சல் இப்போதுதான் கேட்டாள், பழைய குடைச்சல் கேட்கிற மாதிரி.

"எனக்கு அங்கேயும் இடம் கிடைச்சது உங்களுக்குத் தெரியும்தானே?"

"தெரியும்" என்றாள் டாக்டரம்மா.

"தெரிஞ்சுதான் வந்தீங்க."

சுருட்டை வீட்டுக்குப் போகிறேன், ஆனால் நடந்ததைத்தான் சொல்வேன் என்று குடைச்சல் எழுந்துவிட்டாள். பொய் எதற்கு, அந்த நிமிஷம் அவளைப் பிடித்து உட்காரவைக்க வேண்டும்போலத்தான் எனக்கு இருந்தது. ஊரான் பிள்ளை எக்கேடு கெட்டால் என்ன, என் பிள்ளை கரையேறட்டும் என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. அவள் முகத்தைப் பார்த்தேன், நானும் எழுந்துவிட்டேன்.

அன்று சாயங்காலமே இருவரும் சுருட்டை வீட்டுக்குப் போனோம். சுருட்டையின் அம்மா என் அக்காவோடு அதே மேசையில் நின்று மீன் அறுக்கிறவள். உட்காரச் சொன்னாள், ஆனால் முகம் கொடுக்கவில்லை. குடைச்சல் போனைப் பற்றி, வகுப்பைப் பற்றி, வார்டில் நடந்ததைப் பற்றி ஒன்று விடாமல் சொன்னாள். அந்தச் சின்னக் கல்லூரி சார் மூஞ்சியில் அடித்த மாதிரி பேசுவார், பயப்படாதே, அங்கே போ என்று சுருட்டையைப் பார்த்துச் சொன்னாள். அந்தப் பெண் நகத்தைக் கடித்தபடி கேட்டுக்கொண்டிருந்தது. அதன் அம்மாதான் பேசினாள்.

"மதியமே டாக்டரம்மா போன் பண்ணிட்டாங்க. பரீட்சையைக் கோட்டை விட்டுட்டு உங்க பொண்ணு கண்டதையும் பேசிட்டுத் திரியுதாம். ஏண்டி குடைச்சல், நீ மட்டும் டாக்டராகணும், எங்க வீட்டுப் பிள்ளை ஆகக்கூடாது. அதானே உன் வயித்தெரிச்சல்?"

நான் வாயைத் திறக்கப் போனேன். குடைச்சல் என் கையைப் பிடித்து எழுப்பினாள். மறுநாள் அந்தச் சின்னக் கல்லூரிக்குப் போன் பண்ணி, தன்னை இப்போது சேர்த்துக்கொள்வார்களா என்று கேட்டாள். சிரிக்காத பேராசிரியர் அப்போதும் சுற்றி வளைக்கவில்லை. அந்த இடத்துக்கு வேறு ஆள் வந்து இரண்டு வருஷம் ஆகிவிட்டது என்றார். ஆக, இரண்டாம் வருஷத்தையே மறுபடியும் படிப்பதென்று ஆயிற்று. ஆலையில் என் அக்காவோடு மேசைக்காரிகள் பாதிப்பேர் பேசுவதை நிறுத்திவிட்டார்கள். டாக்டரம்மாவைப் பழித்த குடும்பம் ஆயிற்றே நாங்கள்.

போன வாரம் சுருட்டையின் அம்மா என் கடைக்கு வந்தாள். இந்தத் தெருக்களில் தையல் கடை என்று இருப்பது என்னுடையது ஒன்றுதான், வேறு எங்கே போவாள்? வெள்ளைத் துணியை மேசைமேல் வைத்தாள். சுருட்டையின் அளவைக் கொடுத்தாள். பெரிய ஆஸ்பத்திரிக் கல்லூரியிலேயே சேர்த்துவிட்டார்களாம். படி இறங்கப் போனவள், ஏதோ மறந்ததுபோலத் திரும்பினாள்.

"பாக்கெட் கொஞ்சம் பெருசா வைக்கணும். டாக்டரம்மா சொல்லச் சொன்னாங்க."

அவள் போனபின் குடைச்சல் கடைக்கு வந்தாள். மேசைமேல் கிடந்த துணியைத் தொட்டுப் பார்த்தாள். யாருக்கு என்று கேட்கவில்லை. தையல் மிஷின் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்து, கறுப்புப் போனைப் பாக்கெட்டிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"இனிமே நான் பாஸாயிடுவேன் சித்தி" என்றாள். சொல்லிவிட்டு அழுதாள். ஃபெயிலானபோதுகூட அழாதவள்.

நான் தையல்காரி. வந்தவர்கள் கேட்டபடி தைத்துக் கொடுப்பதுதான் என் பிழைப்பு. இதுவரை யார் துணியிலும் என் இஷ்டத்துக்கு எதையும் செய்ததில்லை. சுருட்டையின் கோட்டை வெட்டித் தைத்து, தேய்த்து, மாட்டி வைத்துவிட்டேன். கையும் கழுத்தும் அளவுக்குக் கச்சிதமாக இருக்கும். பாக்கெட் வைக்கவில்லை. வாங்க வரும்போது அவள் அம்மா சண்டைக்கு வரட்டும்.